ஒரே படத்துக்கு எதிரெதிரான கருத்துகள்: காட்சியமைப்பைத் திருத்த எதை எடுத்துக்கொள்வது?

இலைநிழல் (கேள்வி):

வணக்கம். ஓய்வு நேரங்களில் பூங்காக்களிலும் நீர்நிலைகளின் ஓரங்களிலும் ஒளிப்படம் எடுத்துவருகிறேன். வெளிச்ச அளவு, ஃபோகஸ், ஷட்டர் வேகம் ஆகியவற்றில் இப்போது பெரிய தடுமாற்றம் இல்லை. படம் தெளிவாக வருகிறது, நிறமும் சரியாக இருக்கிறது. ஆயினும் பின்னர் பெரிய திரையில் பார்க்கும்போது, அந்த இடத்தில் என்னை நிற்கவைத்த ஏதோ ஒன்று படத்துக்குள் வந்து சேரவில்லை என்பது தெரிகிறது. அது என்ன என்பதைத்தான் சொல்லத் தெரியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். குளக்கரையில் சற்றே சாய்ந்து நிற்கும் பெரிய மரம். அதற்கு முன்பாக, என்னிடமிருந்து ஏறத்தாழ நான்கு மீட்டர் தொலைவில், நீரைப் பார்த்தபடி ஒரு வெற்று மரப்பெஞ்சு. வலப்புறம் நீர்ப்பரப்பு, எதிர்க்கரையில் புதர்களும் ஒரு நடைபாதையும், மேலே வெளிறிய வானம். முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. படச்சுருள் அளவுக்கு உணரி உள்ளது) 24 மி.மீ. குவியத் தொலைவில், அதாவது பரந்த காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் அளவில், நின்றபடியே, கிடைமட்டமாக எடுத்த படம்.

இதைச் சிலரிடம் காட்டினேன். "அருமை" என்று சொன்னவர்களை விட்டுவிடுகிறேன். மற்றவர்களில் ஒருவர் பெஞ்சை வெட்டி நீக்கச் சொன்னார். இன்னொருவர் பெஞ்சுதான் படமே, மரத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றார். மூன்றாமவர் மரத்தை மூன்றிலொரு பங்குக் கோட்டின்மேல், அதாவது சட்டகத்தை மூன்று சம பங்குகளாகப் பிரிக்கும் கோடுகளில் ஒன்றின்மேல், வைக்கவில்லை என்று குறைகூறினார். நான்காமவர், வானம் மிகுதி என்று மட்டும் எழுதினார். நால்வருமே என்னைவிட அனுபவம் உள்ளவர்கள். இவற்றில் எதைக் கேட்பது, எதை விடுவது? படத்தைப் பின்னால் வெட்டிச் சரிசெய்துகொண்டே வந்தால் காட்சியமைப்பு கைவருமா, அல்லது அது வேறு பயிற்சியா? கருத்துக் கேட்கும் முறையிலேயே நான் மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா?

நீர்க்கோடு:

உங்களுக்குக் கிடைத்த நான்கு கருத்துகளும் ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. பெஞ்சை நீக்கச் சொன்னவரும் பெஞ்சே போதும் என்றவரும், பார்வை மரத்துக்கும் பெஞ்சுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது, எதிலும் நிலைகொள்ளவில்லை என்ற ஒரே அனுபவத்தைத்தான் தெரிவிக்கிறார்கள். ஒருவர் மரத்தின் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்கிறார், மற்றவர் பெஞ்சின் பக்கம் நின்று சொல்கிறார், அவ்வளவுதான். வானம் மிகுதி என்றவர் அந்த ஊசலாட்டத்தில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறார். ஆகவே எதைக் கேட்பது என்பதற்கு என் விடை: தன் கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தவர் சொல்வதை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்கு அவர் சொல்லும் தீர்வை ஒரு யோசனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது, நீங்கள் எங்கெல்லாம் நகர்ந்திருக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாது. அதனால்தான் கருத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் "வெட்டுங்கள்" என்றே சொல்கிறார்கள்; அவர்கள் கையில் இருப்பது கத்தரி மட்டுமே.

இயற்கைக் காட்சிகளில் பார்வையை முதலில் இழுப்பவை பெரும்பாலும் ஊகிக்கக்கூடியவை: படத்திலேயே மிக வெளிச்சமான பகுதி, வெளிச்சமும் இருளும் கூர்மையாக மோதும் விளிம்பு, மனிதனோ மனிதன் செய்த பொருளோ, எழுத்து, பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு. உங்கள் படத்தில் வானம் முதல் வகை. பெஞ்சு மூன்றாவது வகை. நீங்கள் காட்ட விரும்பியது மரம் என்றால், அது இந்த இரண்டோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது, அதுவும் 24 மி.மீ. லென்ஸில் தொலைவில் சிறுத்துப்போன நிலையில்.

இங்கே நிற்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காட்சியமைப்பின் பெரும்பகுதி அங்கேதான் தீர்மானமாகிறது. பெஞ்சு 4 மீட்டரில் இருப்பதாகச் சொன்னீர்கள். மரம் 12 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். நீங்கள் 2 மீட்டர் முன்னே சென்றால் பெஞ்சு படத்தில் இரண்டு மடங்காகும். மரமோ ஐந்தில் ஒரு பங்குதான் வளரும். மாறாக 4 மீட்டர் பின்னே வந்து குவியத் தொலைவை 48 மி.மீ. ஆக்கினால், பெஞ்சு முன்பிருந்த அதே அளவில் இருக்கும். மரம் முன்பைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகும். பார்வைக்கோணம் குறுகுவதால் வானமும் பக்கவாட்டுப் பகுதிகளும் தாமாகவே குறையும். பொருள்களுக்கு இடையிலான அளவு உறவை மாற்றுவது நீங்கள் நிற்கும் தொலைவு. லென்ஸ் செய்வது அந்த உறவில் எவ்வளவு பகுதியைச் சட்டகத்துக்குள் எடுத்துக்கொள்வது என்பதை மட்டுமே. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நின்ற இடத்திலிருந்தே ஜூமைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது: பின்னால் எவ்வளவு வெட்டினாலும் பெஞ்சுக்கும் மரத்துக்கும் உள்ள அளவு விகிதம் மாறாது.

அடுத்தது கேமராவின் உயரம். சமதளத்தில் அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். கேமராவைவிடக் குட்டையான பொருள்கள் முழுவதும் அடிவானத்துக்குக் கீழேயும், உயரமானவை அதைத் தாண்டியும் தெரியும். நின்றபடி எடுத்ததால் உங்கள் பெஞ்சு தரைமேல் கிடப்பதுபோலத் தெரிந்திருக்கும். இடுப்பளவுக்குத் தாழ்த்தினாலே அதன் தோற்றம் வேறாகும். அடுத்த முறை முயன்று பாருங்கள். பக்கவாட்டில் ஓரிரு அடி நகர்வதற்கும் இதே வலிமை உண்டு. பெஞ்சின் முதுகுச் சட்டம் மரத்தண்டின்மேல் விழுந்திருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, இரண்டுமே வடிவத்தை இழக்கும். இடையில் ஒரு கீற்று நீர் தெரிந்தால் இரண்டும் தனித்தனியே நிற்கும்.

சாய்சதுரம்:

நீர்க்கோடு சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். வெட்டுவதை அவர் தள்ளிவைப்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதற்கு முன் மூன்றிலொரு பங்கு விதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மூன்றாம் நண்பர் அதைக் கோட்டின்மேல் பொருளை நிறுத்தும் பயிற்சியாக எடுத்துக்கொண்டிருப்பதால்.

இந்த விதி ஒளிப்படக் கலையைவிடப் பழையது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் 1797-இல் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி எழுதியபோது அதற்கு இந்தப் பெயரைத் தந்தார். ஒளிப்படமுறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல்தான். ஸ்மித் அந்தப் பேச்சைத் தொடங்கியதே ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் ஒரு குறிப்பிலிருந்து: சம வலிமையுள்ள இரண்டு ஒளிகள் ஒரே படத்தில் இருக்கக்கூடாது, ஒன்று தலைமையாகவும் மற்றவை அளவிலும் தீவிரத்திலும் அதற்கு அடங்கியும் இருக்க வேண்டும், சமமானவை கவனத்தை நடுவிலேயே தொங்கவிட்டுவிடும் என்பது அதன் சாரம். அதாவது நிலம், வானம், ஒளி, இருள் ஆகியவற்றைச் சரிபாதியாகப் பிரிக்காதே என்பதே அங்கு அடிப்படை. இன்று கேமராத் திரையில் தெரியும் கட்டக்கோடுகள் அந்த எண்ணத்தின் சுருங்கிப்போன வடிவம். உங்கள் படத்தில் மரத்தைச் சற்று இடப்புறம் நகர்த்திக் கோட்டின்மேல் வைத்தாலும், மரமும் பெஞ்சும் வானமும் சம வலிமையோடு இழுக்கும்வரை ஊசலாட்டம் தீராது. ஆகவே அந்த நண்பரின் குறிப்பையும் "எதற்குத் தலைமை என்று எனக்குத் தெரியவில்லை" என்று மொழிபெயர்த்துப் படியுங்கள். அசைவற்ற நீரில் மரம் முழுதாகப் பிரதிபலிக்கும் நாளில் கரைக்கோட்டை நட்டநடுவில் வைப்பதுகூடப் பொருத்தமாக இருக்கும். அங்கே சமநிலையே படத்தின் பொருள்.

இனி வெட்டுவது பற்றி. அளவு விகிதத்தை வெட்டுதல் மாற்றாது என்பது உண்மை. ஆனால் சட்டகம் எங்கே முடிந்திருக்க வேண்டும் என்பதைக் கற்றுத்தர அதைவிட எளிய கருவி இல்லை. பழைய படம் ஒன்றை எடுத்து, அதிலிருந்து வெவ்வேறு சட்டகங்களை வெட்டிப் பாருங்கள்: ஒன்று செங்குத்தாக, ஒன்று சதுரமாக, ஒன்று மரத்துக்காக, ஒன்று பெஞ்சுக்காக, ஒன்று நீருக்காக. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நீங்கள் ஒரே படத்துக்குள் எத்தனை படங்களைத் திணித்திருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். அதன் நோக்கம் அந்தப் படத்தைக் காப்பாற்றுவது அன்று, அடுத்த முறை அந்த இடத்துக்குப் போகும்போது எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போவது. வெட்டுதலையே வழக்கமான தீர்வாக்கிக்கொண்டால் இழப்பும் உண்டு: 6000-க்கு 4000 பிக்சல் உள்ள 24 மெகாபிக்சல் படத்தைச் சதுரமாக்கினால் மிஞ்சுவது 16 மெகாபிக்சல், அதில் பெஞ்சை மட்டும் எடுத்தால் பெரிதாக அச்சிடும் அளவுக்கு எஞ்சாது.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லாவிட்டாலும் நீரும் மரமும் சேர்ந்த படமாதலால் கேட்கிறேன்: எதிர்க்கரை நேராக இருக்கிறதா? அதே 6000 பிக்சல் அகலத்தில் ஒரு டிகிரி சாய்வு என்பது இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் இடையே 105 பிக்சல் ஏற்றத்தாழ்வு. பார்ப்பவர் அதைச் சாய்வு என்று சொல்லமாட்டார். "ஏதோ சரியில்லை" என்று சொல்வார். சாய்ந்த மரம் இருக்கும் படத்தில் நாம் நம்மையறியாமல் மரத்தை நிமிர்த்தக் கேமராவைச் சாய்த்துவிடுவது எளிது.

தூரப்பச்சை:

கருத்துக் கேட்கும் முறையைப் பற்றிய மூன்றாவது கேள்வியை இருவரும் தொடவில்லை. என் பார்வையில் அதுதான் முதன்மையானது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மதிப்பெண்தான் வரும். படத்துக்குத் தலைப்பு வைக்காமல், எங்கே எப்போது எடுத்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்றெல்லாம் சொல்லாமல் காட்டுங்கள். "முதலில் எதைப் பார்த்தீர்கள், அதன்பின் பார்வை எங்கே போனது, எந்த இடத்தில் படத்தை விட்டு வெளியேறியது?" என்று கேளுங்கள். இதற்கு விடைசொல்ல ஒளிப்பட அறிவு வேண்டியதில்லை. சொல்லப்போனால், கேமராவே தொடாதவர்கள் சில வேளைகளில் இதற்குத் தெளிவாக விடைசொல்கிறார்கள், ஏனெனில் அவர்கள் விதிகளைத் தேடிக்கொண்டு பார்ப்பதில்லை. தலைப்பு வைத்துவிட்டால் நிலைமை மாறிவிடும். "தனிமை" என்று எழுதிக் காட்டிய படத்தில் எல்லாரும் வெற்றுப் பெஞ்சைத்தான் பார்ப்பார்கள், படமே அதைச் செய்ததா தலைப்புச் செய்ததா என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரு படத்தை மட்டும் காட்டாமல், அதே காட்சியை நீங்கள் எடுத்த இரண்டு மூன்று சட்டகங்களைச் சேர்த்துக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடித்தது எது என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். தனியாக நிற்கும் படத்தைப் பற்றி "நன்று" என்று சொல்லி நகர்ந்துவிடுபவர், இரண்டில் எது என்று கேட்டால் காரணம் தேடத் தொடங்குவார். உங்களிடம் காட்டுவதற்கு இரண்டாவது சட்டகமே இல்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான்: முதலில் கண்ணில் பட்ட இடத்திலேயே நின்று எடுத்திருக்கிறீர்கள்.

விடை வந்தபின் மறுத்துப் பேசாதீர்கள். "அந்தப் பக்கம் வேலி இருந்தது, நகர முடியவில்லை" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் வேலி படத்தில் இல்லை, அதன் விளைவு மட்டும் இருக்கிறது. மேலும், யார் சொல்கிறார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பறவைகளில் ஆர்வம் உள்ளவர் அரிய பறவை ஒன்று புள்ளியாகத் தெரிந்தாலும் படத்தைப் பாராட்டுவார். அது பறவைக்கான பாராட்டு.

தனியாக இருக்கும்போது செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். கருமையும் வெளிச்சமுமான பெரிய பரப்புகள் மட்டும் எஞ்சும், எது தலைமை என்பது அங்கே ஒளிய முடியாது. நிறத்தை நீக்கிப் பாருங்கள்; பச்சைக்குள் பச்சையாகப் பொருள் கரைந்திருந்தால் அம்பலமாகிவிடும். தலைகீழாகத் திருப்பினால் மரம், பெஞ்சு என்ற பெயர்கள் மறைந்து வடிவங்கள் முன்னே வரும். சிறிதாக்கிப் பார்ப்பதில் ஒரு குறை மட்டும் உண்டு: ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, பாதியில் அறுபட்ட இலை போன்றவை அதில் தெரியாது. அவற்றுக்கு முழு அளவில் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிவர வேண்டும், முடிந்தால் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே.

இலைநிழல்:

மூவருக்கும் நன்றி. அதே இடத்துக்கு மீண்டும் சென்றுவந்தேன். பெஞ்சிலிருந்து ஏறத்தாழ 8 மீட்டர் தள்ளி நின்று, 50 மி.மீ. அளவில் எடுத்தேன். நீர்க்கோடு சொன்னதுபோலவே மரம் முன்பைவிடக் கணிசமாகப் பெரிதாகி, பெஞ்சுக்குமேல் கவிந்து நிற்கிறது. வானம் இலைகளுக்கிடையே துண்டுதுண்டாக மட்டும் தெரிகிறது. தூரப்பச்சை சொன்ன கேள்வியைத் தலைப்பில்லாமல் கேட்டபோது, பார்த்தவர்கள் மரத்திலிருந்து பெஞ்சுக்கு வருவதாகவே சொன்னார்கள். என்னை அங்கே நிற்கவைத்தது மரமோ பெஞ்சோ தனியாக அல்ல, ஒன்று மற்றொன்றுக்குமேல் கவிந்திருந்ததுதான் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று. உயரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று கேமராவை இடுப்பளவுக்கு, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தினேன். எதிர்க்கரையின் நடைபாதை ஒரு வெளிர்கோடாகப் பெஞ்சின் முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. எல்லாரும் அந்த இடத்தில் பார்வை இடறுவதாகச் சொல்கிறார்கள். கூடவே, மேல் ஓரத்தில் ஒரு கிளையின் நுனி சட்டகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இவற்றைப் படத்திருத்த மென்பொருளில் அழித்துவிடலாமா?

நீர்க்கோடு:

அழிக்கத் தேவையில்லை; இரண்டும் நின்ற இடத்திலேயே தீர்பவை. இந்த இடறல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். பெஞ்சின் முதுகு 85 செ.மீ. உயரம் என்றும், எதிர்க்கரை நடைபாதை உங்களிடமிருந்து 60 மீட்டர் தொலைவில் என்றும் வைத்துக்கொண்டால், 8 மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவருக்கு இவ்விரண்டும் ஒரே கோட்டில் விழும் கேமரா உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். நான் சொன்ன இடுப்பளவு உங்கள் இடத்தில் துல்லியமாக அந்தப் பொல்லாத உயரமாக அமைந்துவிட்டது. கண் உயரத்துக்கு, அதாவது 1.6 மீட்டருக்குத் தூக்கினால் பெஞ்சின் மேல்விளிம்பு நடைபாதைக்குக் கீழே இறங்கி, இரண்டுக்கும் நடுவே நீர் ஒரு பட்டையாகத் தெரியும். முழங்கால் அளவுக்குத் தாழ்த்தினால் முதுகுச் சட்டம் நடைபாதையைத் தாண்டிப் புதர்களின்மேல் போய் நிற்கும். பெஞ்சு அடர்நிற மரமாயின், இருண்ட புதர்களின்மேல் அது கரைந்துவிடக்கூடும். அப்படியானால் கண் உயரமே மேல்.

முதல் படமும் கண் உயரத்தில்தானே எடுத்தது, பின் ஏன் தாழ்த்தச் சொன்னீர்கள் என்று கேட்கலாம். அங்கே நீங்கள் 4 மீட்டரில் நின்றீர்கள். அவ்வளவு அருகில் மேலிருந்து பார்க்கும்போது இருக்கைப் பலகைதான் முதன்மையாகத் தெரியும். தொலைவு இரட்டிப்பானதும் பார்க்கும் கோணம் தாழ்ந்துவிட்டது, ஆகவே இப்போது உயரத்தைக் குறைக்க வேண்டிய தேவையும் போய்விட்டது. ஒன்றை மாற்றினால் மற்றதை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

சாய்சதுரம்:

கிளைநுனிக்கு: ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் குறை. ஒன்று, அது தயக்கமின்றிச் சட்டகத்தைத் தாண்டி வெளியே போக வேண்டும், அல்லது ஓரத்துக்கு முன்பே நன்றாக முடிய வேண்டும். மரம் கவிந்திருப்பதே உங்கள் பொருள் என்பதால் முதலாவதைப் பரிந்துரைப்பேன். கிளைகள் மேல் ஓரத்தைக் கடந்து போனால், மரம் சட்டகத்தைவிடப் பெரியது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு ஏற்படும். 55 அல்லது 60 மி.மீ. வரை நெருக்கிப் பார்த்து, கீழே பெஞ்சின் கால்கள் அறுபடாமல் இருக்கின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். அதே இடத்தில் நின்றபடி கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியும் ஒன்று எடுங்கள். கவிந்த மரத்துக்கு அது பொருந்தக்கூடும், ஆனால் நீர்ப்பரப்பு குறைந்துவிடும் என்பதால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

கண் உயரக் கிடைமட்டம், முழங்கால் உயரக் கிடைமட்டம், செங்குத்து ஆகிய மூன்றையும் எடுத்து, எது உங்கள் விருப்பம் என்று சொல்லாமல் இங்கே இடுங்கள். முந்தைய படத்தை முன்பே விவரித்துவிட்டதால் எங்கள் மூவரின் பார்வையும் இனி நம்பத்தக்கதல்ல. இந்த இழையைப் படிக்காத வேறு யாரிடமாவது முதலில் காட்டிவிட்டு, அவர்கள் சொன்னதையும் உடன் எழுதுங்கள்.